ஒட்டாத காது

மகனுக்கு,

நீ நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். இங்கே நானும் குழந்தையும் நலம். உன் மனைவியைப் பற்றி அந்த வார்த்தையை எழுத முடியவில்லை, காரணம் நீ. போனில் பேசினால் கத்திவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். கத்துவது எனக்குப் பழக்கமில்லை, உனக்காகப் புதிதாகப் பழகிக்கொள்ள விருப்பமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதை முதலில் முடித்துவிடுகிறேன். எனக்குக் காது மந்தம் என்பது உனக்குத் தெரியும், போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துத்தான் பேசுவேன் என்பதும் தெரியும், அப்படி வைக்கச் சொல்லிக் கொடுத்ததே நீதான். அந்தப் போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, அவளுக்குத் தெரியாம குழந்தை வாயில பஞ்சை வெச்சு எடுத்து அனுப்புங்க, டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம், என் பிள்ளைதானான்னு தெரிஞ்சிடும்" என்று ரகசியம் பேசுகிறாய். உன் ரகசியம் அறை முழுக்கக் கேட்டது. அவள் அதே மேஜையருகில் குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை, நாடாவை முடிந்து, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டாள். அழவில்லை. "என் சூட்கேஸ் சாவி எங்கம்மா இருக்கு?" என்று மட்டும் கேட்டாள். இவ்வளவு மரியாதையாக இதுவரை யாரும் என்னை அவமானப்படுத்தியதில்லை.

இத்தனைக்கும் காரணம் ஒரு காது. உனக்கும் கன்னத்தோடு ஒட்டிய காது, அவளுக்கும் ஒட்டிய காது, அப்படியிருக்கக் குழந்தைக்குத் தோடு குத்துகிற சதை தனியாகத் தொங்கவே முடியாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தாயாம். பள்ளிக்கூடத்தில் நீ என்ன படித்தாய் என்பதற்கு உன் மதிப்பெண் அட்டையில் தலைகுனிந்து கையெழுத்துப் போட்ட நான் சாட்சி. அந்தப் பாடத்தை நானும்தான் படித்தேன். கான்வென்டில் எங்கள் அறிவியல் சிஸ்டர், ஒட்டிய காதெல்லாம் சுவர்ப் பக்கம், தொங்குகிற காதெல்லாம் ஜன்னல் பக்கம் என்று எங்களைப் பிரிந்து நிற்கச் சொன்னார். முக்கால்வாசி வகுப்பு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நடுவிலேயே நின்றது. ஒருத்திக்குக் கொஞ்சம் ஒட்டியிருந்தது, அடுத்தவளுக்கு அதைவிடக் கொஞ்சம் விட்டிருந்தது, கூடப் பிறந்த இரண்டு பேருக்கே ஒத்துப்போகவில்லை. சிஸ்டர் புத்தகத்தை மூடிவிட்டு, "கடவுள் இதைப் படிச்சிட்டு நம்மளப் படைக்கல, எல்லாரும் உக்காருங்க" என்றார். ஒரு துளிச் சதைக்கும் தாய் வழி, தகப்பன் வழி என்று எங்கிருந்தெல்லாமோ சாயல் வந்து சேர்கிறது, அதை இரண்டே பெட்டியில் போட்டு அடைக்க முடியாது என்று அந்தக் காலத்திலேயே சொல்லிக் கொடுத்தார். நீ அவ்வளவு பெரிய கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு இன்னும் சுவர்ப் பக்கம், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

உன்னையும் உன் அக்காவையும் பெற்றது நான்தான். அவள் கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம், நீ மேல்தட்டு டப்பாவை எடுக்க ஸ்டூல் தேடுகிறவன். அவளுக்கு ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழும், உனக்கு எங்குமே விழாது. முப்பது வயதுக்குள் உன் முன்மண்டை வழித்த தட்டு மாதிரி ஆகிவிட்டது. உன் அப்பாவுக்குக் கடைசிவரை முடி கொட்டவில்லை, என் பக்கத்திலும் வழுக்கை கிடையாது. அதைப் பார்த்து உன் அப்பா என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. அவர் ஆண்பிள்ளை.

இந்த யோசனை உன் சொந்தமாக இருக்காது, அந்த அளவுக்குச் சிரமப்படுகிறவன் இல்லை நீ. உன் அத்தை குழந்தையைப் பார்க்க வந்து, கடையில் துணியைப் புரட்டுவதுபோல் புரட்டிப் புரட்டி, மூக்கு நம்ம மூக்கு, நெற்றி நம்ம நெற்றி என்று பங்கு பிரித்துவிட்டு, "காது மட்டும் நம்ம வீட்டுக் காது இல்லையே அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதையே உனக்குப் போனில் ஓதியிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை மறுபடியும் வந்தாள், வேடிக்கை பார்க்க. நான் அவளை வெளிச்சத்தில் உட்காரவைத்துத் தோட்டைக் கழற்றச் சொன்னேன். "எதுக்கு அண்ணி, திருகு இறுகிப்போச்சு" என்று நெளிந்தாள். நானே திருகிக் கழற்றினேன். இடது காது ஒட்டியிருந்தது. வலது காது தாராளமாகத் தொங்கியது. கண்ணாடியைக் கையில் கொடுத்து, "இந்தக் காதுக்கு ஒரு அப்பா, அந்தக் காதுக்கு ஒரு அப்பாவா? என் மாமியார் அப்படிப்பட்டவங்க இல்லையே" என்றேன். தோட்டின் கனம் இழுத்துவிட்டதாம். ஜோடித் தோடு, ஒரு காதை மட்டும் இழுத்ததாம்! வைத்த காபியைத் தொடாமல் போய்விட்டாள். அதைச் சுட வைத்து உன் மனைவிக்குக் கொடுத்தேன், அவள் சிரிக்கவில்லை, ஆனால் குடித்தாள்.

அன்று மாலை என்னிடம், "பஞ்சுதான வேணும், நானே எடுத்துத் தரேம்மா, நர்ஸுக்கு அது தெரியாதா? ஆனா ரிசல்ட் அவர் கைக்குப் போறப்ப நானும் குழந்தையும் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ்ல இருப்போம்" என்றாள். இந்த வீட்டிலிருந்து எந்தப் பஞ்சும் போகாது என்று சொல்லிவிட்டேன். சாவியைக் கொடுத்துவிட்டேன், அது அவளுடையது, ஒளித்து வைக்க நான் யார்? உன் கடிதம் வரும்வரை இருக்கிறேன் என்று எனக்காக ஒப்புக்கொண்டிருக்கிறாள். ஆகவே உன் கையால் எழுது, அவளுக்கு எழுது, எனக்கு வேண்டாம். அத்தை சொன்னாள் என்று ஒரு வரியும் வரக் கூடாது. சந்தேகப்பட்டது நீ, நீயே சொல்.

காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. குளிருக்குத் தலையை மூடிக்கொள், மூடுவதற்கு அங்கே வேறொன்றும் இல்லை. என் ஆசீர்வாதம் உனக்கு உண்டு, அதை அவளிடம் கொடுத்து வைத்திருக்கிறேன், கேட்டு வாங்கிக்கொள்.

ஒன்றை மறக்காதே. பரண்மேலிருந்து அவள் சூட்கேஸை இறக்க எதிர்வீட்டுத் தச்சரைக் கூப்பிட்டபோது, பக்கத்தில் இருந்த என்னுடையதையும் சேர்த்து இறக்கச் சொன்னேன். இரண்டும் இப்போது வாசல் கதவோரம் நிற்கின்றன. என்னுடையதை நேற்றே அடுக்கிவிட்டேன்.

இப்படிக்கு,
எல்லாவற்றையும் கேட்டுவிட்ட
உன் அம்மா