குழாய்க்குள் நின்ற ஈர்க்கு

சைனிக்புரி,
ஞாயிறு

செல்ல ஹம்ஸினிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், வான்கூவர் குளிரில் நீ காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாய் என்று நம்புகிறேன். ஆயுத பூஜையன்று படப்பிடிப்பில் நடந்ததை ஃபோனில் உன்னிடம் பாதிதான் சொன்னேன். அன்று படப்பிடிப்பில் நான் யாரிடமும் சொல்லாமல் விட்டது ஒரே வாக்கியம்: துப்பாக்கிக் குழாய்க்குள் ஈர்க்கு இருக்கிறது.

மல்லாபூரில் மூடிக் கிடக்கும் ஒரு தொழிற்சாலையில் சண்டைக் காட்சி. நடிகர்களுக்குத் தமிழ் வசனம் சொல்லிக்கொடுக்க நான் போயிருந்தேன். காலையில் கேமரா, விளக்கு, துப்பாக்கி எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்துப் பூஜை. சாமந்திப் பூ நிற்கவில்லை என்று யாரோ ஈர்க்குச்சியில் குத்தித் துப்பாக்கிகளின் வாயில் செருகிவிட்டார்கள், பார்க்க அழகாகத்தான் இருந்தது. கற்பூரம் காட்டியதும் பூக்களைப் பிடுங்கினார்கள். ஒன்றில் பூ மட்டும் கையோடு வந்தது, குச்சி ஒடிந்து உள்ளே நின்றதை நான் பார்த்தேன். துப்பாக்கிகளுக்குப் பொறுப்பான அப்துல் ரஹீம் பாய் தினமும் குழாயில் கம்பி விட்டுப் பார்த்து, எல்லோருக்கும் திறந்து காட்டி, 'தேக்லோ பாய், நல்லா பாத்துக்கோ, பின்னாடி ரஹீமைத் திட்ட நக்கோ, திட்ட வேணாம்' என்று சிரிக்க வைத்த பிறகுதான் கொடுப்பார். அவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டேன். அன்று பூஜை நீண்டு வெயில் இறங்கிவிட்டதால் மேனேஜர் ராகவேந்திரா, 'வெத்துத் தோட்டாதானே பாய், எதுக்கு இவ்வளவு நேரம்?' என்று அவசரப்படுத்த, அவர் கம்பி விடாமலே கொடுத்துவிட்டார். அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். வசனம் சொல்லித்தர வந்தவள் துப்பாக்கியைப் பற்றிப் பேசினால் ஐம்பது பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்று கூச்சம். காட்சியில் சுட்டபோது வெடித்தது குண்டில்லாத வெற்றுத் தோட்டாதான், ஆனால் அதன் வேகத்தில் ஈர்க்குத் துண்டு பாய்ந்து, எதிரே நின்ற சண்டைக் கலைஞர் சீனுவின் வலக்கண்ணில் ஏறியது.

ஆஸ்பத்திரியில் ரஹீம் பாய், 'என் தப்பு மேடம், ஒரு தடவை கம்பி விட்டிருந்தா போதும்' என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அங்கும் நான் பார்த்ததைச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைதான் சினிமாத் தொழிலாளர் சங்க அலுவலகத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டேன், சீனுவின் மனைவி சுப்ரியாவிடமும் சொன்னேன். அவள் திட்டவில்லை, 'அக்கா, நீங்க அப்பவே கத்தியிருக்கலாமே' என்று மட்டும் கேட்டாள். நாளை சீனுவின் கண்ணில் போட்ட கட்டைப் பிரிக்கிறார்கள்.

நீயும் இப்போது சினிமாவில்தான், உதவி இயக்குநர். உன் வேலை இல்லை என்று தோன்றும் இடத்திலும் சந்தேகம் வந்தால் நிறுத்தச் சொல்லிவிடு, அசடு என்று பேர் வாங்கினாலும் பரவாயில்லை. உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயதுதான் வித்தியாசம், அக்கா தங்கை போலத்தான் இருந்திருக்கிறோம், என் கூச்சமும் உனக்கு வந்திருக்குமோ என்று பயமாக இருக்கிறது. அப்பாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. குளிர்கால ஜுரத்துக்கான தடுப்பூசி போட்டுக்கொள்ள மறக்காதே. உடம்பும் மனசும் தெம்பாக, நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
ப்ரியம்வதா

திங்கள் மாலை: கட்டைப் பிரித்தார்கள். சீனுவுக்கு வலக்கண்ணில் பார்வை இல்லை.