திருவிருந்துக்கு எழுந்து போகாத அப்பாவுக்கு

என் அன்பு அப்பா,

வருகிற வெள்ளிக்கிழமையோடு உங்களை அடக்கம் பண்ணி ஒரு வருஷம் ஆகிறது. கல்லறைக்கு இன்னும் கல் வைக்கவில்லை. கல் வெட்டுகிறவர் மூன்று முறை போன் பண்ணிவிட்டார். "பேரும் தேதியும் வெட்டிட்டேன்மா. கீழ கமிட்டியில எழுதிக் குடுத்தத வெட்டட்டுமா?" என்கிறார். சபைக் கமிட்டி எழுதிக் கொடுத்தது, 'கர்த்தருக்குப் பயந்து நடந்தவர்.' நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். சபையாருக்கும் தெரியட்டும் என்று இதைச் சபைப் பத்திரிகைக்கே எழுதுகிறேன். உங்கள் தங்கையிடம், ரெபேக்கா அத்தையிடம், கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது. உள்ளத உள்ளபடி எழுது," என்றார்.

நம் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. யார் மனதில் தீராத குற்றமோ, யாருக்கு யாரோடு மனஸ்தாபமோ, அவர்கள் அன்றைக்கு எழுந்து பீடத்துக்குப் போய் அப்பமும் திராட்சரசமும் வாங்குவதில்லை. பெஞ்சிலேயே உட்கார்ந்துகொள்வார்கள். யாரும் வாய் திறந்து ஏன் என்று கேட்பதில்லை, ஆனால் எல்லோரும் பார்ப்பார்கள். அடுத்த மாதத்துக்குள் அநேகமாகச் சரியாகிவிடும்.

நீங்கள் பதினான்கு வருஷம் உட்கார்ந்திருந்தீர்கள்.

முதல் நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது என் திடப்படுத்தல் ஆராதனை. எனக்குப் பதினாறு வயது. வெள்ளைப் புடவை கட்டி, முதல்முறையாக அப்பமும் ரசமும் வாங்க முழங்காலிட்டு, பக்கத்தில் நீங்கள் இருப்பீர்கள் என்று திரும்பிப் பார்த்தேன். நீங்கள் மூன்றாவது பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தீர்கள். நான் என்ன தப்பு செய்தேன், என்னோடு ஏன் வரவில்லை என்று அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா, "அப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல," என்றாள். அம்மா சாகும்வரை வேறு காரணம் சொல்லவில்லை.

சபைக்கு அதுவே பெருமையாகிவிட்டது, அது தெரியுமா உங்களுக்கு? "தனக்குத் தகுதி இல்லன்னு உக்காந்திருக்காரு பாரு, அவ்ளோ தேவபயம்," என்று பேசிக்கொண்டார்கள். உங்களை மூப்பராக்கினார்கள். அடக்க ஆராதனையில் போதகர் ஐயாவே அதைச் சொல்லி அழுதார். நானும் அழுதேன். என் அப்பா எவ்வளவு பயந்தவர் என்று.

அத்தைக்கு மட்டும் அது வேறு மாதிரி தோன்றியிருக்கிறது. கூடப்பிறந்த அண்ணன் எழுந்து வரவில்லை என்றால் தன் மேல்தான் ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்திருக்கிறார். இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு உங்களிடமே வந்து கேட்டார். நான் அடுப்படியில் இருந்தேன். "எம்மேல எதனா கோவமாண்ணா?" என்றார். நீங்கள் முகத்தைப் பார்க்காமல், "ஒண்ணும் இல்ல, நீ போ," என்றீர்கள். அடுத்த திருவிருந்திலிருந்து அத்தையும் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் மனம் ஆறாமல் நான் மட்டும் எப்படிப் போய்க் கை நீட்டுவது என்று. நீங்கள் மூன்றாவது பெஞ்சில், அவர் பெண்கள் பக்கம் கடைசிப் பெஞ்சில். பன்னிரண்டு வருஷம்.

இதற்கு நடுவில் அந்தக் கற்பூர விஷயம். மாமா செத்த பிறகு அத்தை அடி அண்ணாமலையில் ஒரு பெட்டிக்கடை போட்டாரே, கிரிவலம் வருகிறவர்களை நம்பி. தண்ணீர் பாட்டில், கொய்யா, கற்பூரம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அந்தக் கற்பூரத்தில்தான் நாலு காசு நின்றது. சபையில் யாரோ குறை சொல்ல, நீங்கள் போய், "கர்த்தருக்குப் பயம் வேணாமா உனக்கு?" என்று கேட்டீர்கள். மறுநாளே அத்தை கற்பூரத்தை நிறுத்திவிட்டார். எந்த வாயால் கேட்டீர்கள் அப்பா?

போன மாதம் வேங்கிக்கால் வீட்டுக்குப் பட்டாவில் பெயர் மாற்றப் போனேன். பழைய பத்திரங்கள் எல்லாம் வேண்டும் என்றார்கள். உங்கள் இரும்புப் பெட்டியின் அடியில் அந்த விடுதலைப் பத்திரம் இருந்தது. வீடு நிற்கிற தாத்தாவின் மனையில் தனக்குள்ள பாதிப் பங்கை ரெபேக்கா தன் அண்ணன் மேல் வைத்த அன்பினால் விட்டுக்கொடுக்கிறாள் என்று எழுதி, கீழே அத்தையின் கையெழுத்து. தேதியைப் பார்த்தேன். என் திடப்படுத்தலுக்கு ஒன்பது நாள் முன்பு.

அப்போதும் நான் உங்களைச் சந்தேகப்படவில்லை. அத்தைக்கு எவ்வளவு பெரிய மனசு, ஒரு வார்த்தை நன்றி சொல்வோம் என்றுதான் அடி அண்ணாமலைக்குப் பஸ் ஏறினேன். கடையில் வாங்க வந்தவர்கள் யாரும் இல்லை. அத்தை ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"அத்த, தாத்தா மனையில உங்க பங்க அப்பாவுக்கு உட்டுக் குடுத்தீங்களே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லவே இல்லயே," என்றேன்.

"எந்தப் பங்குடி?"

பத்திரத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, விரலை வைத்து முழுவதையும் படித்தார். "தாத்தா பேர்ல கெடக்கறத நம்ம ரெண்டு பேரு பேருக்கும் மாத்தணும், வான்னு கூட்டிம்போனாரு. ஆபீசர் இன்னா கேட்டாலும் சம்மதம்னு சொல்லுன்னாரு. சொன்னேன். அண்ணன் சொல்றப்ப நான் எதுக்கு படிச்சுப் பாக்கணும்?" என்றார்.

அப்புறம்தான் தேதியைப் பார்த்தார். என் திடப்படுத்தலிலிருந்து பின்னோக்கி விரல் விட்டு எண்ணினார்.

"அதுக்கா உக்காந்திருந்தாரு?"

நான் தலையை ஆட்டினேன்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே ரூத்து. எனக்கு யாரு இருக்கா, நீதான இருக்க. மனை போவட்டும். எம்மேல கோவம்னு நெனச்சி நெனச்சி பன்னண்டு வருசம் நான் பந்திக்கு எந்திரிக்கல. ஒரு வார்த்த சொல்லாம பாத்துக்கினே இருந்தானே. அத எந்த ஆபீசுல போயி திருப்பி வாங்கறது?"

வாழ்நாளில் முதல்முறையாக உங்களை 'அவன்' என்றார். அவரே அதைக் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்கு உங்கள் மேல் ஆத்திரம் அடங்கவில்லை. செத்தவரிடம் இப்படிப் பேசலாமா என்கிறார்கள். உயிரோடு இருந்தபோது பேச விட்டீர்களா? தினம் குடும்ப ஜெபத்தில் கர்த்தருக்குப் பயப்படு, பயப்படு என்று சொல்லித்தானே வளர்த்தீர்கள். நீங்கள் பயந்தீர்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். பொய்யான கையால் அப்பத்தைத் தொட்டால் தண்டனை வரும் என்று பயந்தீர்கள். அடிக்குப் பயந்த நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிற பயம் அது. எசமானிடம் வராது, வெளியிலும் போகாது.

அந்தப் பயம் உங்களைப் பெஞ்சில் உட்கார வைத்தது. எழுந்து பத்து அடி நடந்து கடைசிப் பெஞ்சுக்குப் போக வைக்கவில்லையே. அங்கே உங்களுக்கு யார் மேல் பயம்? தங்கை மேலா, கமிட்டி மேலா, மூப்பர் என்ற பெயர் போய்விடும் என்றா? கடவுளுக்கு நிஜமாகப் பயந்திருந்தால் இவர்களில் ஒருவருக்கும் பயந்திருக்க மாட்டீர்கள். நான் இப்போது அப்படித்தான் நினைக்கிறேன். அவருக்குப் பயப்படுவது என்றால் அவர் அடிப்பாரே என்று ஒளிவது இல்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது தன்னால் இன்னொருத்தி பட்டினி கிடப்பதைத் தாங்க முடியாமல் போவது.

இதை எழுதுகிற நானும் பெரிய யோக்கியம் இல்லை. பத்திரத்தோடு வீட்டுக்கு வந்ததும் உங்கள் மருமகன், "உட்டுடு. அத்தையே கேக்கல, நீ ஏன் கிளர்ற?" என்றார். இரண்டு வாரம் விட்டுவிட்டுத்தான் இருந்தேன். அளந்து பார்த்தால் பாதிக் கோடு என் அடுப்படி வழியாகப் போகிறது. பிள்ளைகள் இருக்கிற வீடு. இந்த மாதத் திருவிருந்து வந்தது. என் கால் எழவில்லை. உங்களைப் போலவே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சுலபம் அப்பா, அப்படி உட்கார்வது. பார்க்கிறவர்களுக்குப் பக்தியாகவும் தெரிகிறது. ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் உங்கள் மருமகனிடம் சொல்லிவிட்டேன், வீட்டில் பாதி அத்தை பெயருக்கு என்று. ஒரு வாரமாக அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

செவ்வாய்க்கிழமை பதிவு அலுவலகத்துக்குப் போகிறோம். பத்திரத்தை ஒரு வரி விடாமல் அத்தைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் நான் கையெழுத்துப் போடுவேன். கல்லில் உங்கள் பெயரும் தேதியும் மட்டும் இருக்கும். கமிட்டி கோபித்துக்கொள்ளட்டும்.

அத்தை உங்களை மன்னிக்கவில்லை. "பத்திரத்துல போடு கையெழுத்து. மன்னிச்சிட்டேன்னு மட்டும் எழுதாத, எனக்கு இன்னும் வரல," என்றார். நீங்கள் காத்திருங்கள். என்றைக்காவது அவர் வாயால் சொன்னால், அன்றே கல்லறைக்கு வந்து உங்களிடம் சொல்வேன். அதுவரை அவர் சார்பில் உங்களுக்காக ஒரு பொய் ஜெபம்கூடப் பண்ண மாட்டேன். இது சத்தியம்.

ரெபேக்காவின் மருமகள்,
உங்கள் ஒரே மகள்,
ரூத்