மந்திரி என்று எழுதிவிட்டேன்

மதினி,

உங்கள் காந்தச் செஸ் பலகை நாலு நாளாக என் சமையலறை மேசையில் கிடக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உங்கள் மகன் துணியில் சுற்றிக் கொடுத்தான். காய்கள் நீங்கள் வைத்த இடத்திலேயே ஒட்டி நிற்கின்றன. அடியில், தபாலில் சேர்க்காத ஒரு கார்டு: "ஏட்டி, கடைசில என்னைய ஜெயிச்சிட்டியே. செண்பகவல்லி அம்மனுக்கு ஒரு தேங்கா ஒடச்சிரு."

தேங்காய் வாங்கிவிட்டேன். உடைக்கத்தான் கை வரவில்லை.

உங்களுக்குக் காது மந்தமாகி போன் பேச முடியாமல் போனபோது, விளாத்திகுளத்துக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே கார்டிலேயே செஸ் ஆடலாம் என்றது நீங்கள்தான். அண்ணன்மார் ஆடுவதை எட்டிப் பார்த்து வந்த ஆட்டம் என்னுடையது. பதினான்கு ஆட்டம் முடிந்தது. நோட்டில் பதினான்குக்கு நேரேயும் தோல்வி என்று எழுதி வைத்திருக்கிறேன். "தோக்கதுக்கும் ஒரு தெம்பு வேணும்ட்டி" என்று ஒரு கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தீர்கள். எனக்கும் சிரிப்புதான் வந்தது.

ராஜா பக்கத்தில் நிற்பதை என் பிறந்த வீட்டில் மந்திரி என்போம். உங்களுக்கு அது ராணி. உங்கள் பேச்சில் மந்திரி என்றால் கோணலாகப் போகிற காய். "ராணின்னே எழுது. இல்லன்னா ரெண்டு பேரும் ரெண்டு ஆட்டம் ஆடிக்கிட்டு இருப்போம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டீர்கள். அப்படியே எழுதி வந்தேன்.

போன மாதம் அடுப்பில் பால் பொங்குகிற அவசரத்தில் ஒரு கார்டு எழுதிப் பெட்டியில் போட்டேன். வீட்டுக்கு வந்து பலகையைப் பார்த்தால் என் ராணி உங்கள் குதிரை வாயில் நிற்கிறது. திரும்ப ஓடினேன். தபால்காரர் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். "உள்ள விழுந்திட்டா அது சர்க்கார் சொத்துக்கா" என்று பையைக் கட்டிவிட்டார். ராணியை வெட்டிய கார்டு வரும் என்று தினமும் வாசலைப் பார்த்தேன். வந்தது உங்கள் சாவுச் செய்தி.

உங்கள் பலகையில் அந்தக் கட்டத்தில் என் ராணி இல்லை. கோணல் காய் நிற்கிறது. அவசரத்தில் மந்திரி என்று எழுதியிருக்கிறேன், மதினி. அதை வெட்டினாலும் விட்டாலும் அடுத்த நகர்வில் உங்கள் ராஜா மாட்டிக்கொள்கிறார். அங்கே நான் ஜெயித்துவிட்டேன். இங்கே என் பலகையில் இல்லை.

இல்லாத ஜெயத்துக்கு அம்மன் முன்னால் எப்படித் தேங்காய் உடைப்பது? சிரித்துக்கொண்டே எழுதியிருப்பீர்கள், அதைப் பொய் என்று சொல்லவும் வாய் வரவில்லை. பதினைந்தாம் ஆட்டத்துக்கு நேரே ஒன்றும் எழுதாமல், கார்டை நோட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

இன்று காலை விளக்கேற்றிவிட்டு, என் பலகையில் உங்கள் குதிரையை எடுத்து என் ராணியை நானே வெட்டினேன். நீங்கள் அதைத்தான் ஆடியிருப்பீர்கள்.

இனி என் முறை. ராணி இல்லாமல் என்ன செய்ய என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.