மாடிப்படிக்குச் சொரசொரப்பான கல்

சுலோச்சனா,

ஆர்.கே.பேட்டை வரை போகிறேன். மதியம் எனக்கு மோர்ச் சோறு போதும். மாடிப்படிக்குக் கல் காட்ட, கடைக்கார டில்லிபாபு வருவார்.

சம்பந்தி வீட்டுப் படியில் இருக்கும் பளபளப்பான கிரானைட்தான் நமக்கும் வேண்டும் என்று நேற்றுவரை பிடிவாதமாக நின்றேன். “கிருத்திகைக்குக் கிருத்திகை படிய கழுவிகினு மஞ்சா வெக்கறவ நானு. ஈரத்துல வழுக்கி வுழுந்தா உங்க சம்மந்தியா வந்து தூக்குவாரு?” என்று கேட்டாய். இனி வாதாட எனக்குத் தெம்பில்லை. சொரசொரப்பான கல்லையே எடு.

வேதாசலம்

டில்லிபாபு சம்பந்திக்கும் கல் போட்டவர். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால், என் வீட்டுக்காரருக்குத்தான் வழுக்கிவிடும் என்று பயம் எனச் சொல். உன் முழங்கால் வலி சம்பந்தி வீட்டுக்குத் தெரிய வேண்டாம்.