கதவொண்ணு பாக்கி

ஜூலை 21, திங்கள்

ஆடிக் காற்று. ஜன்னல் கதவெல்லாம் அடித்துக்கொள்கிறது. காலை ஐந்து பத்துக்கே விழிப்பு. அலாரம் வைக்கவில்லை. முப்பத்தாறு வருடம் முதல் ஷிப்டுக்குப் போன உடம்பு. எனக்கு ரிடையர்மென்ட் ஆர்டர் கொடுத்தார்கள், அதற்குக் கொடுக்கவில்லை.

வீட்டில் இருப்பது இன்றோடு இருபத்தொரு நாள்.

குளித்து, பேன்ட் சட்டை போட்டு, சாப்பாட்டுப் பையைத் தேடினேன். என் வீட்டுக்காரி வசந்தா பார்த்துக்கொண்டே நின்றாள். திட்டியிருந்தால் தேவலை.

இந்த டைரி கம்பெனியில் வழியனுப்பும்போது தந்தது. எம்.டி. என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார் என்று மண்ணூர்பேட்டை முழுக்கச் சொல்லி முடித்தாயிற்று. எம்.டி. அன்று ஊரில் இல்லை. கண் கலங்கியது ஆபீஸ் பெண். அவளுக்கு ஜலதோஷம்.

படிப்பு எட்டாவது. ஆனால் டிப்ளமோ பையன்களே டிராயிங்கை என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார்கள். (ஒரு தடவை. தலைகீழாக.)

இனி நேரத்தை என்ன செய்வது? யோசித்தவை:
— மாடியில் தக்காளி. நாலு தொட்டி. காற்றில் மூன்று போச்சு.
— பூந்தமல்லி வரை பஸ்ஸில் போய்த் திரும்புவது. போன வாரம் இரண்டு முறை. இரண்டாவது முறை கண்டக்டர் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.
— கோயில். கால் மணிக்கு மேல் சாமிக்கும் எனக்கும் பேச்சு ஓடவில்லை.
— சமையலில் உதவி. வெங்காயத்தை எத்தனை எம்.எம். நறுக்க வேண்டும் என்று கேட்டேன். வ. கத்தியைப் பிடுங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் வ.: "ஒரு நாளிக்கி எத்தினி வாட்டிய்யா ஃபிரிட்ஜ தொறந்து தொறந்து மூடுவ? எங்கனா போய் நாலு ஜனத்தோட பேசேன்."

பேசலாம். நான் பேசினால் நிறுத்தவே வேண்டாம். அவர்கள் திரும்பப் பேசுவார்களே, அதுதான் பயம்.

ஜூலை 22, செவ்வாய்

வெயில். காற்று குறையவில்லை.

வ. மாவு மில்லுக்குப் போனாள். பருப்பு வைத்திருந்தாள், மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டு. குக்கர் எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒரு விசில்கூட வரவில்லை. அவள்தான் வந்தாள், ஓட்டமாக.

"ஏழு விசிலு! தெரு மொனை வரிக்கும் கேக்குது, நீ எதிர்ல குந்திகினு கீற!"

"கேஸ்கட் லூசு. அதான் வாட்ச் பண்ணிகினு இருந்தேன்."

நம்பினாளா தெரியவில்லை. பருப்பு அடிப்பிடித்தது நிஜம்.

இங்கே எழுதிவிடுகிறேன். காது போய்க்கொண்டிருக்கிறது. பிரஸ் ஷாப். தகடு அடிக்கிற இடம். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் அடி என்று கணக்கில்லை. காதில் வைக்கக் கம்பெனி கொடுத்த அடைப்பானை லாக்கரில் பூட்டி வைத்திருந்தேன். "இதெல்லாம் பூஞ்சை பசங்களுக்கு" என்று பெருமை வேறு. கனமான சத்தம் கேட்கிறது. லாரி, டிரம், இடி. மெல்லிய சத்தம் எல்லாம் போயிற்று. விசில், குருவி, பெண்கள் முதுகைக் காட்டிக்கொண்டு சொல்வது.

கம்பெனியில் யாருக்கும் தெரியாது. அங்கே எல்லோரும் கத்துவார்கள். வெளியே வந்த பிறகுதான் தெரிகிறது, மனிதர்கள் இவ்வளவு மெல்லப் பேசுகிறார்கள் என்று.

தெரிந்துவிட்டால் தெருவில் எனக்குப் பெயர் டமாரம். காது கேட்காத எதிர்வீட்டு கிருஷ்ணனுக்கு அந்தப் பெயர் வைத்தவனே நான்தான்.

ஜூலை 23, புதன்

மேகம். மழை இல்லை.

நல்ல நாள்! கொரட்டூர் ஏரிக்கரைப் பூங்காவுக்கு நடந்தேன். அங்கே மண்டபத்தில் ஒரு கூட்டம் உண்டு. எல்லாம் வேலையிலிருந்து இறங்கியவர்கள், பன்னிரண்டு பதின்மூன்று பேர். 'ஓய்வில்லாதோர் சங்கம்' என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். முனுசாமி தலைவர். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், அயனம்பாக்கத்துக்காரர், குரல் ஏர் ஹாரன். பக்கத்தில் சுகந்தி சிஸ்டர். நர்ஸாக இருந்தவர். திருநெல்வேலிப் பக்கம். வீட்டுக்காரருக்கு ஆவடி ஃபேக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு இப்போது கொரட்டூரில் வீடு.

நான் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். முக்கால் மணி.

மு.: "சர்தாம்பா, ஆள் கெடச்சிட்டான். சங்கத்துல கதவொண்ணு பாக்கி கீது. ஞாயித்துக்கெயம காலைல நீ பாத்துக்கிறியா?"

கதவு! பூங்காவில் பெண்கள் கக்கூஸ் கதவு தொங்குவதை வரும்போதே பார்த்திருந்தேன்.

"ஒண்ணு இன்னா ஒண்ணு, ஒம்போது குடு. கம்பெனில நான் பண்ணாததா?"

எல்லோரும் சிரித்தார்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்றார் மு. "கீல் நல்லா இருந்தா அரை மணி. ஜாயின்ட் சரியா உக்காந்துட்டா அப்புறம் எவனும் அசைக்க முடியாது" என்றேன். மறுபடியும் சிரிப்பு. "இன்னாமா பேசுறான் பாரு!" என்று மு. தொடையைத் தட்டினார்.

சிஸ்டர் மட்டும் முகத்தைச் சுளித்து: "பொம்பளையாளுக நாங்களும் இருப்போம்ண்ணே. பாத்துக்கிடுங்க."

"உங்களுக்காகத்தானேம்மா. வெளிய ஒண்ணும் தெரியாதபடி கச்சிதமா பண்ணிக் குடுத்துட்றேன்."

வீடு வரும்வரை கால் தரையில் படவில்லை. இருபத்திமூன்று நாளில் முதல் முறையாக ஒருவர் என்னிடம் ஒரு வேலை சொல்லியிருக்கிறார்.

வ.-விடம்: "பார்க் கமிட்டியே என்னைத் தேடிகினு வந்துது." வ.: "அப்பாடா."

ஜூலை 25, வெள்ளி

காற்று. புழுதி. கண்ணில் தூசி.

நாலங்குலக் கீல் இரண்டு, ஸ்க்ரூ ஒரு பிடி வாங்கினேன். டூல் பையைத் துடைத்து எண்ணெய் போட்டேன். கதவு வேலை தெரியுமா என்றால், தெரியும். பார்த்திருக்கிறேன்.

பயம் வேலைக்காக இல்லை. வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பேசுவார்களே. குனிந்துகொண்டு ஸ்க்ரூ முடுக்கும்போது அவர்கள் வாயை எப்படிப் பார்ப்பது?

யோசித்து வைத்த பதில்கள்: "ஆமாமா." "அது அப்படித்தான்." "காலம் கெட்டுப் போச்சு." எந்தக் கேள்விக்கும் இந்த மூன்றில் ஒன்று பொருந்தும். கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன்.

வ. கதவோரம் நின்று பார்த்தாள்.

ஜூலை 27, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. ஆனாலும்.

ஏழு மணிக்கே போனேன். மண்டபத்தில் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள், பெஞ்சு போட்டு. ஒரு கதவுக்கு இவ்வளவு பேரா என்று தோன்றியது. கைகாட்டிவிட்டு நேரே கக்கூஸ் பக்கம். பழைய மரக்கதவு, நல்ல கனம். கழற்றிச் சுவரில் சாய்த்தேன். ஏழரைக்கு மு. வந்து முன்னால் நின்றார்.

"இன்னா அண்ணாத்தே, அல்லாரும் அங்க குந்திகினு கீறாங்க, நீ இங்க இன்னா பண்ற?"

"கதவு."

"இன்னா கதவு?"

"கதவொண்ணு பாக்கின்னு நீதானப்பா சொன்ன!"

மு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பில் மூச்சு நின்றுவிடுமோ என்று பயந்தேன். "கத மாமே! கத! கத ஒண்ணு பாக்கி! வாரத்துக்கு ஒருத்தர் கத சொல்லணும், வேல செஞ்ச கத!"

கத ஒண்ணு. கதவொண்ணு. யார் காதிலும் அப்படித்தான் விழும். நல்ல காது உள்ளவனுக்கும். இதைப் பத்துத் தடவை சொல்லிக்கொண்டேன்.

மண்டபத்தில்: "தெரியும்பா. கதைக்கு முன்னாடி கதவத் தொறக்கணும் இல்ல?" கைதட்டினார்கள்! தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன்.

கதை சொன்னேன். ஜப்பானிலிருந்து வந்த பெரிய என்ஜினியர், என் பிரஸ்ஸின் சத்தத்தைத் தூரத்திலிருந்தே கேட்டு, கிட்டே வந்து, கோயில் போலச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற கதை. வெண்ணெய் மாதிரி வந்தது. பன்னிரண்டு பேரும் வாய் திறந்து கேட்டார்கள். ரிடையரானவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒவ்வொரு ஞாயிறும் வரலாம், வாரம் முழுக்க அதற்குத் தயார் பண்ணலாம் என்றுகூட மனசுக்குள் ஓடிவிட்டது.

பிறகு கேள்விகள்.

முதல் கேள்விக்கு "காலைல ஆறுலேர்ந்து ரெண்டு வரிக்கும்" என்றேன். ஒரே சிரிப்பு. ஜப்பான்காரன் என்ன பாஷையில் பேசினான் என்பதுதான் கேள்வியாம். பக்கத்தில் இருந்தவர் சொன்னார். நானும் சிரித்தேன், வேண்டுமென்றே சொன்னதுபோல. அடுத்தது சிஸ்டர், ஓரத்திலிருந்து ஏதோ. வாய் சரியாகத் தெரியவில்லை. "இருநூறு டன்" என்றேன், பிரஸ்ஸின் பலத்தைக் கேட்கிறார் என்று நினைத்து.

யாரும் சிரிக்கவில்லை.

சிஸ்டர் எழுந்து வந்து என் எதிரே நின்றார். ஒவ்வொரு வார்த்தையாக: "அண்ணே, நான் என்ன கேட்டேன்னு சொல்லுங்க."

"ஆமாமா" என்றேன். அதுதான் வாயில் வந்தது.

"காது கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லுங்கண்ணே. அதுல என்ன இருக்கு?"

பன்னிரண்டு முகம். "ஊட்ல வேல கீது" என்று எழுந்து வந்துவிட்டேன். பின்னால் யாராவது கூப்பிட்டார்களா, தெரியாது. இதில் உள்ள கஷ்டமே அதுதான்.

ஜூலை 28, திங்கள்

வெளியே போகவில்லை. வானம் எப்படி என்று பார்க்கவில்லை.

பதினோரு மணிக்கு வ., காய் வண்டியிலிருந்து செய்தியோடு: "பார்க்குல பொம்பளைங்க கக்கூஸ் கதவ எவனோ கயட்டி வச்சிட்டு ஓடிட்டானாம். ஒரு நாளா கதவில்லாம கீதாம்."

மோர் புரையேறியது. கதவு! சுவரில் சாய்த்தது அப்படியே. டூல் பையும் அங்கேதான்.

"எவனா இருக்கும்?" என்றேன்.

"கயட்டத் தெரிஞ்சி மாட்டத் தெரியாத எவனோ."

மத்தியானம் முழுக்க இந்த வரிதான். போனால் அந்தப் பன்னிரண்டு பேரில் யாராவது இருப்பார்கள். போகாவிட்டால் வயசான பொம்பளைகள் ஏரிக்கரையில் எங்கே போவார்கள்? போனால் டமாரம். போகாவிட்டால் ஓடிப்போனவன். இரண்டில் எது தேவலை என்று சாயங்காலம் வரை யோசித்தும் முடிவில்லை.

சும்மா இருப்பவனுக்கு யோசிக்க நேரம் அதிகம். ஷிப்டு இருந்தால் சைரன் அடித்ததும் யோசனையும் நின்றுவிடும்.

ஜூலை 29, செவ்வாய்

தூறல். ஐந்து பத்துக்கு எழுந்து, பல்கூடத் தேய்க்காமல் போனேன்.

கதவு இருந்த இடத்தில் ஒரு பழைய நைலக்ஸ் புடவை கட்டியிருந்தது. டூல் பை நனையாமல் உள்ளே எடுத்து வைத்திருந்தது. வேலையை ஆரம்பித்தேன். கனம். ஒரு ஆள் தூக்கிப் பிடித்து ஸ்க்ரூவும் போட முடியாது. இரண்டு தடவை நழுவிக் கால் விரலில் விழுந்தது. மூன்றாவது தடவை கதவு லேசாகிவிட்டது. உள்பக்கமிருந்து யாரோ பிடித்திருக்கிறார்கள். இடுக்கில் பார்த்தேன். சிஸ்டர். நடக்க வந்தவர், நான் விரலைத் தடவிக்கொண்டு குனிந்திருந்தபோது உள்ளே போயிருக்க வேண்டும். புடவையும் அவருடையதுதான்.

மேல் கீல் முடிந்தது. கீழ்க் கீல். அவர் அந்தப் பக்கத்திலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறார் என்று தெரிகிறது. மரத்தில் கை வைத்தால் குரலின் அதிர்வு. வார்த்தை இல்லை. "ஆமாமா" என்றேன். பேச்சு நின்றது. "அது அப்படித்தான்" என்றேன். ஒன்றுமில்லை. மூன்றாவதைச் சொல்ல வாயெடுத்தேன்.

சொல்லவில்லை.

"சிஸ்டர். இந்தாண்ட வந்து மூஞ்சப் பாத்து பேசும்மா. அந்தாண்ட இருந்து சொன்னா எனக்குக் கேக்காது. காது போயிடிச்சி."

சொல்லிவிட்டேன். முழுசாக, ஒட்டு போடாமல்.

சிஸ்டர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். (திறந்தது!) ஐயோ பாவம் என்ற முகம் இல்லை. வார்டில் சீட்டைப் படிக்கிற முகம்.

"சரி. டாக்டர பாக்கணும், நான் கூட வாரேன், அது தனி. சங்கத்துல எல்லாத்தையும் எதிர்ல உக்காந்து பேசச் சொல்லுதேன். முனுசாமி அண்ணனுக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம், அவரு எங்க இருந்து பேசினாலும் ஆவடி வரைக்கும் கேக்கும். இப்ப நான் அன்னைக்குக் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"இன்னா கேட்ட?"

"அந்த ஜப்பான்காரரு நெசமாவே செருப்பக் கழத்தினாரா?"

தூறல் சட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூடிரைவரைத் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன்.

"கை குடுத்தாரு" என்றேன். "வரிசைல நின்னோம். அல்லாருக்கும் குடுத்தாரு. எனக்கும்."

"செருப்பு?"

"ஷூ. கயட்டல."

சிஸ்டர் சிரித்தார். தோள் குலுங்கியதைப் பார்த்தேன். "அதையும் சொல்லுங்க ஞாயித்துக்கிழம. கதைய முடிக்காம எந்திச்சுப் போயிட்டீயள்லா. ரெண்டையும் சொல்லுங்க. எது நெசம், எது நீங்க கட்டினதுன்னு நாங்க கண்டுபிடிக்கோம்."

கதவு ஒரு நூல் இறக்கம். நாளைக்கு வாஷர் கொண்டு போக வேண்டும்.

ஞாயிறுக்கு ஐந்து நாள். ஒரு தாளை இரண்டாக மடித்து உட்கார்ந்திருக்கிறேன். முப்பத்தாறு வருடத்தில் நடந்தது இந்தப் பக்கம், நான் கட்டியது அந்தப் பக்கம். அந்தப் பக்கம் நிரம்பிப் பின்தாளுக்குப் போய்விட்டது. இந்தப் பக்கம் இதுவரை நாலு. அதிலும் ஒன்று சந்தேகம்.