ரேடியோ மேல் வைத்த வாட்ச்சு

உப்பலவாடி,
மாசி இரண்டாம் நாள்.

ஏம்ப்பா கலைமணி, நல்லா இருக்கியா? குவைத்தில் குளிர் இன்னும் விடவில்லை என்று நம் தெரு உத்திராபதி சொன்னான், காதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம்தான், புயலில் பறந்த ஓட்டுக்கு வேறு ஓடு போட்டாகிவிட்டது, வேப்பமரம் போன இடத்தில்தான் ஆடு கட்ட நிழல் இல்லை. போனில் சொன்னால் பாதியில் ‘சரிப்பா, வெச்சுடறேன்’ என்பாய், அதனால் எழுதி, வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிற உத்திராபதி கையில் கொடுத்து விடுகிறேன். முழுசும் படித்து முடிக்கிற வரைக்கும், லீவு வேண்டாம் என்று கம்பெனியில் கையெழுத்துப் போட்டுவிடாதே. போட்டால் இன்னும் இரண்டு வருஷம். அதற்குள் உன் மகள் நடந்து, பேசி, நீ வாசலில் வந்து நின்றால் ‘யாரும்மா இந்த மாமா’ என்று கேட்பாள். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் மாமனார் ராஜாமணி மேல் எனக்குக் கோபம் கிடையாது. சிதம்பரத்தில் பாப்பாவுக்கு ஜாதகம் எழுதினதில் மகர லக்னம் என்றும், அடுத்த தை வரைக்கும் அப்பன் பிள்ளை முகம் பார்த்தால் அப்பன் உயிருக்கு ஆகாது என்றும் வந்ததாம், மாப்பிள்ளை மேல் இருக்கிற பயத்தில் உன்னிடம் சொல்லிவிட்டார், நீயும் பயந்து பங்குனிப் பயணத்தை நிறுத்திவிட்டாய். ஆனால் அந்த ஜாதகம் எதை வைத்து எழுதினது? பிறந்த நேரம் ஏழே முக்கால் என்பதை வைத்து. அதைச் சொன்னது எது? உன் தாத்தா வாட்ச்சு.

அந்த வாட்ச்சில் கம்பெனிப் பேர் அழிந்து எத்தனையோ வருஷம் ஆகிறது, அவனவன் ஒரு பேர் சொல்வான். நம் வாட்ச்சுதான் என்று சொல்ல இரண்டு அடையாளம் உண்டு: நாலு என்கிற எண் உரிந்து மொட்டையாக நிற்கும், பின்மூடியில் கரும்பு வண்டியின் நுகத்தடி இடித்த பள்ளம் இருக்கும். உள்ளே பதினேழு கல் என்று உன் தாத்தா சொல்ல, கல்யாணமான புதிதில் உன் அம்மா அதில் ஒன்றை எடுத்து மூக்குத்தியில் வைத்துத் தருவீர்களா என்று கேட்டாள், அது சக்கரம் தேயாமல் இருக்க வைக்கிற பொடிக்கல் என்று சொல்லியும் நம்பாமல் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன்.

புயலுக்கு முந்தின சாயங்காலம் ரேடியோச் செய்தி கேட்டு முள்ளைச் சரியாக வைத்துச் சாவி கொடுத்தேன். ராத்திரி கரண்டு போனது, சுவர்க் கடியாரம் விழுந்து உடைந்தது, என் போன் தண்ணீரில் ஊறிப்போனது. வீடு முழுக்க ஒழுகினதில் பீரோவும் அதன் மேல் பாடிக்கொண்டிருந்த பேட்டரி ரேடியோவும்தான் நனையாத இடம், உன் அம்மா வாட்ச்சைக் கொண்டுபோய் அந்த ரேடியோ மேல் வைத்தாள். விடியும்போது மருமகள் மலர்க்கொடிக்கு வலி எடுத்தது. ரோடெல்லாம் மரம், ஆஸ்பத்திரிக்கு வழி இல்லை, ஆயா வேலை பார்த்து ரிட்டையரான சவரியம்மாள்தான் முழங்கால் தண்ணீரில் வந்து பிரசவம் பார்த்தாள். பாப்பா அழுததும் உன் அம்மா வாட்ச்சை எடுத்து மலர்க்கொடி முகத்துக்கு நேரே காட்டி ‘ஏழே முக்கால், ஏழே முக்கால்’ என்று கத்தினாள்.

அன்றையிலிருந்து அந்த வாட்ச்சு பேய் பிடித்தது போல முன்னால் ஓடியது. ஈரம் பட்டதாக்கும் என்று கடலூரில் ரிப்பேர் பார்க்கிற அந்தோணிசாமியிடம் காட்டினேன். ‘காந்தம் புடிச்சிருக்கு மாமா, உள்ள சுருள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு, ஸ்பீக்கர் கிட்ட எங்கனா வெச்சீங்களா’ என்று கேட்டுவிட்டு, கரண்டு ஓடுகிற ஒரு வளையத்துக்குள் விட்டு எடுத்தான், சரியாகிவிட்டது. எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. நீ வரவில்லை என்று போனில் சொன்ன அன்றைக்குத்தான் ரேடியோ நினைவு வந்து நேரே சவரியம்மாளிடம் ஓடினேன். அவள், ‘ஏழேகால் செய்தியில புயல் கரையைக் கடக்குதுன்னான், எங்க தலை மேலதான்டா கடக்குதுன்னு ரேடியோவத் திட்டினேன், திட்டின வாய மூடல, உன் பேத்தி வந்து என் கையில விழுந்தா’ என்றாள்.

வாட்ச்சை எடுத்துக்கொண்டு நானும் உன் அம்மாவும் சிதம்பரம் போனோம். உன் மாமனார் எல்லாம் கேட்டுவிட்டு, ‘பிரசவம் பார்க்கறவ நியூஸா கேட்டுக்கிட்டு இருப்பா சம்பந்தி’ என்றார். தன் செல்போனையும் வாட்ச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், இரண்டும் ஒரே நேரம் காட்டின. ‘சரியாத்தானே ஓடுது? மொதல்ல இது அதே வாட்ச்சுதானா?’ என்று அவர் கேட்டதும் உள்ளேயிருந்து மலர்க்கொடி, ‘நாலு மொட்டையா இருக்கா பாருங்கப்பா, அத்தை என் மூஞ்சிக்கு நேரா காட்டினாங்க, எப்படி மறப்பேன்’ என்று குரல் கொடுத்தாள். வாட்ச்சு அதுதான் என்று ஆனது, ஆனால் அது தப்பாக ஓடினது என்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? நல்லது என்று செய்த ரிப்பேர் என் சாட்சியைத் துடைத்துவிட்டதே.

உங்க வீட்டு ரேடியோவைக் கொடுங்கள் சம்பந்தி என்று கேட்டேன். உன் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து, ‘மாமனார் கையில கட்டுன பொருளு, தெரிஞ்சே கெடுப்பீங்களா’ என்று அழுதாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை, இன்னொரு தரம் காந்தம் பிடித்தால் நின்றாலும் நின்றுவிடும், இதுக்குப் பார்ட்ஸ் கிடையாது என்று அந்தோணிசாமியும் சொல்லித்தான் அனுப்பினான். ஆனாலும் அன்று சாயங்காலமே செல்போன் பார்த்து முள் வைத்து, அவர் கண் முன்னாலேயே ரேடியோ மேல் வைத்தேன். யாரும் தொடக் கூடாது என்று சம்பந்தியம்மா சிவகாமு அதை ஒரு துண்டு போட்டு மூடினாள்.

காலையில் ஏழேகால் செய்தி ஆரம்பிக்கும்போது துண்டை எடுத்தார்கள். எனக்குச் சத்தமே கேட்கவில்லை, அப்பன் பொருளும் போச்சு பேச்சும் போச்சு என்று நினைத்துக்கொண்டேதான் காதில் வைத்தேன். படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது கலைமணி. முள் ஏழே முக்காலையும் தாண்டியிருந்தது. உன் மாமனார் ‘சிவகாமு, என் சட்டைய எடு’ என்று சொல்லி ஜோசியரிடம் போனார். திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்று, ‘ஏழேகால்னா தனுசு லக்னமாம், அந்தத் தடையே இல்லையாம். மாப்பிள்ளைய வரவேணாம்னு சொன்ன வாயால நான் எப்படிக் கூப்புடறது, நீங்களே எழுதுங்க சம்பந்தி’ என்றார். அதுதான் எழுதுகிறேன், பயப்படாமல் வா.

வாட்ச்சுக்கு இப்போது மறுபடியும் நோய். ஓடினால் தேயும் என்று சாவி கொடுக்காமல் வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். நீ வந்து உன் கையால் அந்தோணிசாமியிடம் கொண்டுபோ, இனி அது உன்னுடையது. காலையில் எழுந்ததும் ஒரே நேரத்தில் சாவி கொடு, கையில் கட்டிக்கொண்டே கொடுக்காதே, கழற்றி வைத்துக்கொண்டு கொடு, இறுகினதும் விட்டுவிடு. ரேடியோ, டிவி பக்கம் வைக்காதே. ஆயுத பூசைக்கு அதற்குச் சந்தனம் குங்குமம் வைக்க உன் அம்மா வருவாள், விடாதே, உள்ளே தூள் இறங்கிவிடும்.

நடராஜர் உனக்குத் துணை இருப்பார், நோய் நொடி அண்டாமல் கை நிறைய வேலையோடு இரு, உன் அம்மாவும் நானும் உன்னை நெஞ்சோடு வைத்து வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு
உன் அப்பா சுப்பராயலு.

மறந்துவிட்டேன், வந்ததும் பிள்ளை முகத்தை நேராகப் பார்த்துவிடாதே, முதலில் நல்லெண்ணெய்க் கிண்ணத்தில் தெரிகிற நிழலைத்தான் பார்க்க வேண்டும், சம்பந்தியம்மா கிண்ணத்தைத் துலக்கி வைத்துவிட்டு நீ வருகிற தேதியைக் கேட்கிறாள், அதை நீ உடனே, இரு, உன் அம்மா கூப்பிடுகிறாள், சிதம்பரத்திலிருந்து போனாம், பாப்பா ஏதோ சத்தம் போடுகிறாளாம், நான் போய்க் காதில் வைத்துக் கேட்டுவிட்டு