பெரியம்மா நிறுத்திய மிஷின்

மார்ச் 3, திங்கள்
ஒன்பதாம் வகுப்பு வரலாறு. மில் வேலைநிறுத்தப் பாடம். நாலு பக்கம், பதினோரு தலைவர்கள், பேருக்குக்கூட ஒரு பெண் கிடையாது. படத்தில் மட்டும் முன்வரிசை முழுக்கப் பெண்கள்! கீழே என்ன போட்டிருக்கிறான்? 'தொழிலாளர்களும் குடும்பத்தினரும்.' குடும்பத்தினராம். வயிறு எரிகிறது. வீட்டில் விசாரித்து வாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 6
கடைசி பெஞ்சிலிருந்து வாயாடி எழுந்தாள். (நான் வைத்த பெயர்தான்.) "எங்க பெரியம்மா அந்த மில்லுல நூல் சுத்துற பிரிவுல இருந்தாங்க டீச்சர். முதல்ல மிஷினை நிறுத்தினதே அங்கிருந்த பதினெட்டுப் பொம்பளைங்கதான். தலைவருங்கல்லாம் அப்புறந்தான் வந்தாங்களாம். பெரியம்மாவுக்கு வேலை போச்சு, திரும்பக் கிடைக்கவே இல்ல."
மத்தியானம் தலைமை ஆசிரியர் கூப்பிட்டார். "புத்தகத்துல இருக்கிறத நடத்துங்கம்மா. வீட்டுக்கதையெல்லாம் எதுக்கு?"
வீட்டுக்கதையா? மில்லில் வேலை செய்தது வீட்டுக்கதையா?

மார்ச் 7
கோபம் ஆறவில்லை. சமையலில் இரண்டு தடவை உப்பு. "கோபம் அவர் மேல, தண்டனை எனக்கா?" என்கிறார் வீட்டுக்காரர்.

மார்ச் 19
மாதத்தேர்வுத் தாள்களைக் கொடுத்தேன். வாயாடி தன் தாளை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். 'வேலைநிறுத்தம் எப்படித் தொடங்கியது?' பெரியம்மாவையும் அந்தப் பதினெட்டுப் பேரையும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள். ஐந்துக்கு முட்டை. குறுக்கே சிவப்புக் கோடு.
என் கோடு.
எழுபத்திரண்டு தாள். இடது கையில் விடைக்குறிப்பு. தலைவர் பெயர் இருந்தால் டிக், இல்லையென்றால் அடி. நீ அதைப் படிக்கவே இல்லையேடி! ஊருக்கு உபதேசம், த்தூ.

மார்ச் 20
பதிவேட்டில் ஏறிய மதிப்பெண்ணை மாற்றத் தலைமை ஆசிரியர் கையெழுத்து வேண்டும். "விடைக்குறிப்புல இல்லாததுக்கு மார்க் போட்டா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க." வரட்டுமே சார் என்று கத்திவிட்டேன். பியூன் எட்டிப் பார்த்தார். கையெழுத்து கிடைக்கவில்லை.
வாயாடியிடம் மன்னிப்புக் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "பரவாயில்ல டீச்சர். எது எழுதணும்னு இப்பப் புரிஞ்சிடுச்சு."

ஏப்ரல் 11
ஆண்டுத்தேர்வு. அதே கேள்வி. பதினோரு தலைவர்களையும் வரிசை மாறாமல் எழுதியிருக்கிறாள், முத்து முத்தாக. பெரியம்மா இல்லை.
வரிக்கு வரி படித்தேன். ஐந்துக்கு ஐந்து போட்டேன்.